கிட்ட வந்துட்டோம்ல!

பேராண்டி, அந்த போனைச் செத்த நேரம் கீழே வை. விடிஞ்சதுலேருந்து நீ அந்த பைலட்டைத் திட்டுற திட்டுக்கு, சார்ஜ் தீர்றதுக்கு முந்தி உன் தொண்டை தீர்ந்துபோகும். நான் பிளேன்ல ஏறினவன் இல்லை, வாஸ்தவம். ஆனா லைப்ரரியில நான் படிச்சு முடிச்ச பிறகுதான் பேப்பர் அடுத்தவன் கைக்குப் போகும். அதுபோக, மேலத்தெரு வாத்தியார் மகன் மீனம்பாக்கத்துக் கோபுரத்துல உக்காந்து பிளேனுக்கு வழி சொல்ற உத்தியோகம் பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தா நம்ம திண்ணைதான் அவனுக்கு வீடு. அவன்கிட்டக் கறந்து வச்சதைத்தான் சொல்லப்போறேன். நீ காசு கொடுத்து ஏறினவன், நான் காசில்லாமத் தெரிஞ்சுக்கிட்டவன். வித்தியாசம் அவ்வளவுதான்.

உன் வழக்கு என்ன? "மதுரை லைட்டெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது தாத்தா. மூணு சுத்து சுத்தினான். இறக்கியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி, திருச்சிக்குக் கொண்டுபோயிட்டான்." இதுதானே?

சரி, நீ எங்கே உக்காந்திருந்தே? ஜன்னல் ஓரம். எதைப் பார்த்தே? நேர் கீழே பார்த்தே. கீழே பார்த்தா தெரியத்தான் செய்யும். மழையோ பனியோ, செங்குத்தாப் பார்க்கிறவனுக்குக் கனம் கம்மி. பைலட்டு பார்க்க வேண்டியது கீழே இல்லை, முன்னால. சாய்வா, அத்தனை மழையையும் ஊடுருவிக்கிட்டு, கிலோமீட்டர் கணக்குல தள்ளிக் கிடக்கிற ரன்வேயோட தலைமாட்டைப் பார்க்கணும். உனக்கு மதுரையே தெரிஞ்ச அதே நேரத்துல அவனுக்கு ரன்வே தெரியாமப் போயிருக்கலாம். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. அவன் கையில ஸ்டியரிங் இருக்கு, உன் கையில போன் இருக்கு.

இதுக்கு ஒரு அளவும் வச்சிருக்காக. கருவி காட்டுற வழியில சாதாரணமா இறங்குறப்ப, 200 அடி உயரத்துக்கு வந்துட்டா ரன்வேயோ அதுக்கு முன்னால இருக்கிற விளக்கோ கண்ணுல பட்டாகணும். படலையா, மறுபேச்சு கிடையாது, மேலே தூக்கிட்டுப் போயிடணும். "இன்னும் அம்பது அடி இறங்கிப் பார்ப்போம்"ங்கிறது கிடையாது. டெல்லியில கண்ணு தெரியாத பனியிலயும் இறக்குறானேன்னு நீ கேப்பே, எனக்குத் தெரியும். அதுக்குத் தனிக் கருவி, தனிப் பயிற்சி, ரன்வேயிலயும் தனி ஏற்பாடு வேணும். அப்படியே இருந்தாலும் அது பனிக்குத்தான். பனி சும்மா படுத்துக் கிடக்கிற சாது. இடிமழை சாது இல்லை.

ஐப்பசி மாச மேகம் இருக்கே, பகலெல்லாம் வெயில் குடிச்சிட்டுச் சாயங்காலம் எந்திரிக்கும். நம்ம பக்கத்துல அதோட உச்சி 15 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும். நீ வந்த பிளேன் பறக்கிற உயரத்தைவிட அது ஒசரம். அதுக்குள்ளே காத்து மேலேயும் கீழேயும் ஓடும். சில நேரம் ஒரு பெரிய காத்துக் கட்டி பொத்துன்னு கீழே விழுந்து, தரையில மோதி நாலாபக்கமும் சிதறும். இறங்குற பிளேனுக்கு முதல்ல எதிர்க்காத்து அடிக்கும், 'ஆகா, நல்லாத் தூக்குதே'ன்னு தோணும். அடுத்த சில நொடியில அதுவே பின்காத்தா மாறி, றெக்கைக்கு வேண்டிய வேகத்தை உருவிடும். ஆகாசத்துல 30,000 அடியில அது நடந்தா உன் காப்பி சிந்தும். தரைக்கு 300 அடியில நடந்தா சமாளிக்க உயரமே இல்லை. அதனாலதான் இடிமேகத்துகிட்ட நெருங்காம 20 கடல்மைலாவது தள்ளிப் போகப் பார்க்கிறாக. பக்கவாட்டுக் காத்துக்கும் வரம்பு இருக்கு. ஏர்பஸ் 320 ரகத்துக்கு ஓட்டிக் காட்டின அளவு 38 நாட், அதாவது மணிக்கு எழுபது கிலோமீட்டர். ரன்வே நனைஞ்சா அதுலயும் குறைச்சுக்கிடணும்.

அடுத்தது திருச்சி. அதை ஏதோ ஆகாசத்துல வச்சு, கைநடுங்கி எடுத்த முடிவுன்னு நினைக்கிறே. இல்லைப்பா. நீ சென்னை ஏர்போர்ட்டுல முந்நூறு ரூபாய் தோசையைத் தின்னுக்கிட்டு இருக்கையிலேயே, அந்த மனுஷன் திருச்சியோ பெங்களூரோ, ஏதோ ஒரு மாத்து ஊரைக் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டான். டாங்கியில ஊத்துற எண்ணெய்க்குக் கணக்கு இருக்கு. மதுரை வரைக்கும் போக வேண்டியது, அதுக்கு மேலே கூடக்குறையச் செலவுக்குன்னு கொஞ்சம், மதுரையில இறங்க முடியலைன்னா அந்த மாத்து ஊருக்குப் போக வேண்டியது, அங்கேயும் போய்ச் சேர்ந்தப்புறம் அரைமணி நேரம் சுத்துறதுக்குத் தனியா. அந்தக் கடைசி அரைமணி இருக்கே, அது தொடக்கூடாத பணம். அதுல கைவைக்கிற நிலை வந்தா "மேடே"ன்னு அபயக்குரல் கொடுத்தாகணும்.

ஆக, மதுரைக்கு மேலே அவன் சுத்தின ஒவ்வொரு சுத்தும் எண்ணெயைக் குடிக்குது. இத்தனை கிலோ ஆனதும் கிளம்பிடணும்னு ஒரு நம்பர் அவன் முன்னால இருக்கு. நம்பர் வந்துது, கிளம்பிட்டான். மழை விடுமான்னு பார்க்கிறதுக்குத்தான் உன்னைச் சுத்தவிட்டது. அதைப் பயம்ங்கிறே. பயந்தவன் முதல் சுத்துலயே போயிருப்பான்.

இன்னொண்ணு யோசி. தண்ணி பாட்டிலுக்குக் காசு வாங்குறவன், காலு நீட்டுற சீட்டுக்குக் காசு வாங்குறவன், பெட்டி ஒரு கிலோ கூடினா முகம் சுளிக்கிறவன், அவன் உன்னைத் திருச்சிக்கு ஓசியில சுத்திக் காட்டுவானா? எண்ணெய்ச் செலவு, இறங்கு கூலி, அடுத்த நடை தாமதம், உனக்குச் சோறு, எல்லாம் அவன் தலையில. பிளேனைத் திருப்புறதுல உன்னைவிட வயித்தெரிச்சல் படுறவன் அந்தக் கம்பெனிக்காரன். அவனே ஒத்துக்கிடுறான்னா அதுல ஒரு காரணம் இருக்காதா?

எனக்கு இந்தச் சங்கதி விளங்கினது பிளேனைப் பார்த்து இல்லை, மேகத்தைப் பார்த்து. பட்டாசு ஆபீஸ்ல நான் போர்மேனா இருந்த காலத்துல என் பட்டப்பேரு உனக்குத் தெரியுமா? 'மூட்டம்.' "ஏட்டி, மூட்டம் வாராரு"ன்னு பொம்பளையாளுக எனக்குக் கேக்கும்படியே பேசும். வானம் கருத்தா நான் வாசல்ல நிப்பேன். இடிச்சத்தம் தூரத்துல உருண்டாலே எல்லாரையும் ரூமை விட்டு வெளியே கூப்பிட்டுருவேன். சட்டமும் அதுதான், இடிமின்னல்ல மருந்தைத் தொடக்கூடாது. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேலே கூடாது, உள்ளே நுழையும்போது செம்புத் தகட்டைத் தொட்டு உடம்புல இருக்கிற மின்சாரத்தை இறக்கிட்டுத்தான் நுழையணும். இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான், நம்ம ஊர்ல பால்குடி மறக்கிறதுக்கு முந்தியே காதுல விழுற பாடம்.

தெரியாதது ஒண்ணு சொல்றேன். நான் நிறுத்தினா யாருக்கு நட்டம்? பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவளுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. முதலாளிக்கு தீபாவளி லோடு போச்சு. ஐப்பசியிலதான் ஆர்டரும் நெருக்கும், இடியும் இடிக்கும், ரெண்டும் சொல்லி வச்சாப்புல ஒண்ணா வரும். அதனால எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவாக. "அண்ணாச்சி, இன்னும் ரெண்டே தட்டு. முடிச்சிட்டு வந்துடுறோம்." இந்த ரெண்டு தட்டுதான் சாமி சண்டாளம். காலையில முத தட்டுல கையை வச்சவளை "எந்திரி"ன்னு சொன்னா எந்திரிச்சிடுவா. சாயங்காலம் ரெண்டு தட்டு மிச்சம் இருக்கிறவளைக் கிளப்பிப் பாரு, உன்னை மென்னு துப்பிடுவா. முடியப்போறதுன்னா மனுஷனுக்குக் கண்ணு மறைக்கும். அதுலயும் கலந்த மருந்து மிச்சம் இருந்துட்டா இன்னும் வில்லங்கம். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்துல ஈரம் பட்டா தானாவே சூடு கிளம்பும், வச்சுக்கிடவும் முடியாது. அதனால மூட்டமான நாள்ல காலையிலயே கொஞ்சமாத்தான் கலக்க விடுவேன். வாத்தியார் மகன் பிளேனுக்கு எண்ணெய் ஊத்துற கணக்கைச் சொன்னப்ப, அடடா இவனும் நம்ம சாதியா இருக்கானேன்னு சிரிச்சேன். போர்மேன் சாதியைச் சொல்றேன், நீ வேற எதையும் நினைச்சுக்கிடாதே.

இந்த "ரெண்டே தட்டு" வியாதி பைலட்டுகளுக்கும் உண்டு. ஊரு கிட்ட வந்துட்டா வர்ற வியாதி.

2020 ஆகஸ்ட் 7. கொரோனா நேரம். துபாய்லேருந்து கோழிக்கோட்டுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், உள்ளே 190 பேர், கொட்டுற மழை. முதல் தடவை இறங்க முடியாமத் தூக்கிட்டாக. கேப்டன் பக்கத்துக் கண்ணாடி வைப்பர்கூடச் சரியா வேலை செய்யலை. ரெண்டாம் தடவை எதிர்ப்பக்கத்துலேருந்து, பின்காத்தோட வந்தாக. 8,858 அடி ரன்வேயில சக்கரம் தொட்ட இடம் 4,438 அடி தாண்டி. பாதி ரன்வே சக்கரம் படாமலேயே போயிடுச்சு. "மேலே தூக்கிடுவோம்"னு பக்கத்துல இருந்த பைலட்டு சொன்னார். தூக்கலை. மலையைச் செதுக்கிக் கட்டின ரன்வே அது, முடியுற இடத்துல பள்ளம். ரெண்டு பைலட்டோட சேர்த்து 21 உசுரு. அடுத்த வருஷம் வந்த விசாரணை அறிக்கையில ஒரு வரி உண்டு. மறுநாள் காலையில கோழிக்கோட்டுலேருந்து தோஹாவுக்குப் போற பிளேனையும் அந்த கேப்டன்தான் ஓட்ட வேண்டியிருந்துதாம். ஆள் பற்றாக்குறை. வேற ஊர்ல இறங்கினா ஓய்வு நேரம் கழிஞ்சு அந்த நடை கெட்டுப்போகும். அனுபவசாலி அந்த மனுஷன், விமானப் படையில இருந்து வந்தவர். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. நாளைக் காலை வேலையை நினைச்சுக்கிட்டு இன்னைக்கு ராத்திரி இறங்கினார்ங்கிறதுதான் என் மனசுல கிடக்கு.

அதுக்கு அஞ்சு வருஷம் முந்தி, 2015 ஆகஸ்ட் 18, இன்னொரு கூத்து. தோஹாவிலேருந்து கொச்சிக்கு ஜெட் ஏர்வேஸ். கொச்சியில கண்ணு தெரியலை. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை இறங்கப் பார்த்துட்டு, அப்புறம்தான் திருவனந்தபுரத்துக்குத் திருப்பினாக. அங்கே போனா அங்கேயும் அதே கதி. அங்கே மூணு தடவை தூக்கி, நாலாவதுல தொட்டாக. தொட்டப்ப டாங்கியில 400 கிலோவுக்கும் கம்மி. அந்த ரகம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 40 கிலோ குடிக்கும். கணக்குப் போட்டுக்கோ, பத்து நிமிஷம்கூட இல்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனா நீ ஆசைப்படுற மாதிரி "இன்னொரு தடவை முயற்சி பண்ற" பைலட்டு உனக்குக் கிடைச்சா இப்படித்தான் இருக்கும். முகநூல்ல வீரன்னு எழுதுவியா?

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு மீனம்பாக்கத்துல எடுத்த வீடியோவை நீதான் எனக்குக் காட்டினே. மும்பையிலேருந்து வந்த இண்டிகோ, தரையைத் தொடப்போற நேரத்துல ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, அப்படியே மேலே எழும்பிப் போச்சே. நீ "ஐயோ, போயிருப்பாங்க"ன்னே. எனக்கு அதுல பிடிச்சது அந்த எழும்புறதுதான். பத்தடி கீழே ரன்வே. கிட்டவா? அதைவிடக் கிட்ட எது? அப்பவும் விட்டுட்டுப் போனான் பாரு, அவனுக்கு ஒரு சால்வை போடணும். அன்னைக்கு மத்தியானத்துலேருந்து ஏர்போர்ட்டையே மூடி, மறுநாள் விடியக்காலை நாலு மணி வரைக்கும் திறக்கிறதில்லைன்னு அறிவிச்சாக.

மழைதான் காரணமா இருக்கணும்னும் இல்லை. 2018 போகியன்னைக்குச் சென்னைவாசிங்க பழசையெல்லாம் கொளுத்தின புகை, பனியோட கலந்து ரன்வேயையே மறைச்சு, வந்த பிளேனையெல்லாம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் விரட்டிவிட்டுது. அதுக்கு எங்களைப் பார்க்காதே. அது டயரு. நம்ம சரக்கு தீபாவளிக்கு.

"பஸ்ஸுல வந்திருந்தா நடுவழியில நிறுத்தியாவது வந்திருப்பேன்"னு சொன்னியே, அங்கேதான் விஷயமே இருக்கு. தரையில ஓடுறது நிக்கும். 2023 டிசம்பர் 17, தாமிரபரணி ஊரையே தின்ன ராத்திரி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூர்லேருந்து எழும்பூருக்குக் கிளம்பின ரயிலை ஸ்ரீவைகுண்டத்துல நிப்பாட்டிட்டாக. 800 பேரு. முன்னால செய்துங்கநல்லூர் ஸ்டேஷன் இருக்கு. "மெள்ளமா ஓட்டிப் போயிடலாமே"ன்னு அன்னைக்கும் உன்னை மாதிரி ஒரு புள்ளை கேட்டிருக்கும். விடிஞ்சு பார்த்தா ஜல்லி மண்ணெல்லாம் அரிச்சுப்போய்த் தண்டவாளம் அந்தரத்துல தொங்குது. சனங்க ரெண்டு ராத்திரி அங்கேயே கிடந்தாக, ஹெலிகாப்டர்ல சோத்துப் பொட்டலம் போட்டாக. கஷ்டம்தான், இல்லைங்கலை. ஆனா ரயில் நின்னுது. உன் பிளேன் மேகத்துக்கு மேலே "சித்த இரு, மழை விடட்டும்"னு நிக்குமா? நிறுத்துறதுன்னா அதுக்கு ஒரே வழி, வேற ஊர்ல இறங்குறது. திருச்சிதான் அவனுக்கு பிரேக்கு.

சரி, உன் பக்கமும் கொஞ்சம் பேசுறேன், இல்லாட்டி உன் ஆத்தா என்னைச் சாப்பிட விடமாட்டா.

திருச்சியில மூணு மணி நேரம் பிளேனுக்குள்ளேயே உக்கார வச்சதும், அப்புறம் "பைலட்டுக்கு நேரம் முடிஞ்சுது"ன்னு பஸ்ஸுல ஏத்தினதும் உனக்குக் கடுப்பு. அந்த நேரக் கணக்கும் சட்டம்தான். இத்தனை மணிக்கு மேலே ஓட்டக்கூடாதுன்னு இருக்கு. தூக்கக் கலக்கத்துல ஓட்டுற லாரியை நாம நாலுவழிச் சாலையில பார்த்ததில்லையா? உள்ளேயே வச்சிருந்தது, மழை விட்டா எண்ணெய் ஊத்தித் திரும்பிடலாம்ங்கிற நம்பிக்கையில. உங்களையெல்லாம் இறக்கிப் பெட்டியைப் பிரிச்சு, மறுபடி ஏத்துறதுக்குள்ளே இன்னொரு மேகம் வந்திடும். இது வரைக்கும் ஞாயம்.

ஆனா எதுக்கு நிக்குது, எப்பக் கிளம்பும், கிளம்புமா கிளம்பாதான்னு வாயைத் திறந்து ஒரு ஆளு சொல்லலைன்னியே, கைப்பிள்ளைக்காரி பால் கேட்டு அலைஞ்சாள்னியே, அதுக்குத் திட்டு. நல்லாத் திட்டு. வானிலையால வந்த தாமதம்னா நட்டஈடு தரவேண்டியதில்லைன்னு விதி இருக்கு. பேச வேண்டியதில்லைன்னு எந்த விதியிலயும் இல்லை. ஆபீஸ்ல நான் வேலையை நிறுத்தினா, ஏன் நிறுத்தினேன்னு மரத்தடியில நின்னு சொல்லிட்டுத்தான் பீடியைப் பத்த வைப்பேன், மருந்து ரூமுக்கு வெகுதூரம் தள்ளி. புகாரை அந்தப் பக்கம் எழுது. பைலட்டு பக்கம் எழுதாதே. புகார் வருமேன்னு நினைச்சுக்கிட்டு இறங்குற பைலட்டு உனக்கு வேணுமா? எனக்கு வேணாம், அதுல என் பேரன் வாரான்.

இருக்கன்குடியில காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி இல்லாமப் போச்சேன்னுதானே உனக்கு இத்தனை ரோஷம்? நல்ல நேரம் ஒன்பது மணிக்கு முடியுது, உன்னை எதிர்பார்த்தா எமகண்டம் வந்திடும்னு உன் சித்தப்பன் மகனை உக்கார வச்சு அவன் மடியில குத்தியாச்சு. பிள்ளை போட்ட கூப்பாடு அதே கூப்பாடுதான், யார் மடின்னு அது பார்க்கலை. உன் தங்கச்சிதான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வச்சிருக்கா. அவளைப் போய்ச் சமாதானம் பண்ணு, பைலட்டை விட்டுடு.

அடுத்த தடவைக்கு ரெண்டு சங்கதி சொல்லி வைக்கிறேன். ஐப்பசி கார்த்திகையில பிளேன்ல வந்தா காலை நடையில வா. இடிமேகம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலேதான் சோம்பல் முறிக்கும். முக்கியமான காரியம்னா முந்தின நாளே வந்து சேரு, ஆபீஸ்ல லீவு கொடுக்கலைன்னா தாத்தாவுக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு சொல்லிக்கோ, நான் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டேன். இல்லையா, பொதிகையில ஏறிப் படு. சிவகாசி ஸ்டேஷன்லயே இறங்கிக்கிடலாம். மதுரையில இறங்கி டாக்சிக்காரனுக்கு அழுற காசு மிச்சம்.

அந்த மிச்சத்தை இப்பவே எடு. மொய் நோட்டுல தாய்மாமன் வரிசைன்னு தலைப்புப் போட்டு உன் பேரையும் எழுதிட்டேன், தொகை போடுற இடம் மட்டும் காலியா இருக்கு. ஆளு வராததுக்குத்தான் வானிலை காரணம்.